லிக்னைட் அட்டவணையை வாசிக்கும் முறை

திருகோணமலையில் என்னிடம் உயர்தரப் புவியியல் படிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஐக்கிய நாடுகளின் சக்திப் புள்ளிவிபரத்தில் 'வர்த்தக, பொதுச் சேவைகளில் லிக்னைட் நுகர்வு' என்றொரு அட்டவணை உண்டு. லிக்னைட் என்பது தரம் குறைந்த பழுப்பு நிலக்கரி. அதைக் கண்டதும் எந்த நாடு முதலிடம் என்று தேடாதீர்கள். அந்த வரியில் எது சேர்கிறது, எது சேரவில்லை என்று முதலில் பாருங்கள்.

பாடசாலை, வைத்தியசாலை, அலுவலகம், கடை, ஹோட்டல் ஆகியவை தங்கள் கொதிகலனில் நேரடியாக எரிக்கும் லிக்னைட் மட்டுமே இதில் வரும். நெய்வேலி லிக்னைட்டில் பிறந்த மின்சாரத்தில் சென்னைப் பள்ளியொன்றில் விளக்கு எரிந்தால், அந்த லிக்னைட் மின் உற்பத்திக் கணக்கில் நிற்கும், இங்கே வராது. செர்பியாவில் ஒரு பள்ளி குளிர்காலத்தில் தன் நிலவறைக் கொதிகலனில் அதை எரித்தால் வரும். குழாய் வழியாக வெந்நீர் அனுப்பும் நகர வெப்ப நிலையம் எரிப்பதும் வேறு கணக்குத்தான். ஆகவே இந்த வரியில் சிறிய எண் இருப்பதால் அந்த நாடு சுத்தமானது என்று எழுதிவிடாதீர்கள். இந்தத் தவறான முடிவைத்தான் விடைத்தாள்களில் அடிக்கடி காண்கிறேன், மனம் வருந்துகிறது.

அடுத்தது அலகு. அட்டவணை ஆயிரம் மெட்ரிக் தொன்னில் இருக்கும். ஆனால் தொன்னும் தொன்னும் சமமல்ல. நெய்வேலி லிக்னைட் கிலோவுக்கு ஏறக்குறைய 11 மெகாயூல் தரும். கிரேக்கத்தின் தொலெமைடா லிக்னைட் அதில் பாதியளவுதான். ஈரம் கூடக்கூட வெப்பம் குறையும். எனவே தொன்னை வெப்பப் பெறுமானத்தால் பெருக்கி, யூலில் ஒப்பிடுங்கள்.

ஒரு நாட்டின் எண் திடீரென வீழ்ந்தால், அதே ஆண்டின் வீட்டுப்பாவனை வரியையும் பாருங்கள். அங்கே அதே அளவு ஏறியிருந்தால், பெரும்பாலும் வகைப்படுத்தல்தான் மாறியிருக்கும். வெற்றுக் கட்டத்தைப் பூச்சியமாக எண்ண வேண்டாம்.

இலங்கையை இதில் தேடிப் பயனில்லை. நம் நாட்டில் லிக்னைட் சுரங்கம் இல்லை. லிக்னைட் ஈரமும் பாரமும் மிக்கது, காய்ந்தால் உதிரும், தானாகத் தீப்பற்றவும் கூடும். அதனால் பெரும்பாலும் சுரங்கத்தின் அருகிலேயே எரித்துத் தீர்க்கிறார்கள். எவ்வளவு ஆழமான துறைமுகம் நமக்கு இருந்தாலும் அதைக் கப்பலேற்றிக் கொண்டுவருவது கட்டாது. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தில் எரிவது இறக்குமதியான உயர்தர நிலக்கரி. 2016இல் கைவிடப்பட்ட சம்பூர் அனல் மின்நிலையத் திட்டமும் இறக்குமதி நிலக்கரியை நம்பியதுதான். இவ்விரண்டையும் லிக்னைட் என்று எழுதினால் புள்ளி கிடைக்காது.