40 டிகிரி கல்லுக்குத்தான், கூண்டுக்கு இல்லை

பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லியை வாங்கி வந்த முதல் வாரத்தில் பலருக்கும் ஒரே குழப்பம்தான் வரும். தொட்டியில் விளக்குக்குக் கீழே அது வெயில் காயும் இடத்தில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்று படித்துவிட்டு, "நமக்கே 40 வந்தால் ஜன்னி கண்டுவிடும், இந்தச் சின்ன உடம்பு தாங்குமா?" என்று பயந்து வாட் குறைந்த பல்பை மாட்டிவிடுகிறார்கள், அது சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறது. இன்னும் சிலர் அந்த எண்ணை அப்படியே நம்பித் தொட்டி முழுவதையும் 40-க்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். இது இன்னும் மோசம், உயிரே போகலாம்.

அந்த 40 டிகிரி, விளக்குக்கு நேர் கீழே இருக்கிற கல்லின் மேற்பரப்புக்கு மட்டும் சொன்னது. தொட்டியின் காற்றுக்கு இல்லை, பல்லியின் உடம்புக்கும் இல்லை. அதன் உடம்பு விரும்புவது சுமார் 35, 36 டிகிரிதான். அந்த அளவுக்கு ஏறும்வரை சூடான கல்லில் படுத்திருக்கும், போதும் என்றதும் எழுந்து நிழலுக்குப் போய்விடும். மதில் மேல் காலை வெயிலில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஓணான், மதில் கொதிக்கிற உச்சி வேளையில் அங்கே இருக்காது, பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துக்காரரான பியர்டட் டிராகனும் அதே அகாமிடே குடும்பம்தான், பழக்கமும் அதேதான்.

அதனால் முதலில் யோசிக்க வேண்டியது சூட்டை இல்லை, குளிர்ந்த மூலையை. விளக்கைத் தொட்டியின் ஒரு ஓரத்தில் மாட்டுங்கள், எதிர் ஓரம் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும், அங்கே ஒளிந்துகொள்ள ஒரு பொந்தும் வேண்டும். வளர்ந்த டிராகனுக்கு 4 அடி நீளத் தொட்டி வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 2 அடித் தொட்டியில் ஒரு பக்கம் விளக்குப் போட்டால் மறுபக்கமும் வெந்துவிடும், பாவம் எங்கே ஓடும்?

அடுத்தது அளப்பது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான், நானும் விட்டேன். கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட முள் தெர்மாமீட்டர் 35 காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்தேன், என் டிராகனோ கல் பக்கமே போகாமல் மூலையில் கிடந்தது. பிறகு கல்லையே அளந்து பார்த்தால் 53! ஒட்டிய இடத்தில் இருக்கிற சூட்டைத்தான் அது காட்டும், கல்லின் சூடு அதற்கு எப்படித் தெரியும்? இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அது வேண்டாம், அது மனித உடம்புக்கானது. பட்டறைகளில் வைத்திருக்கும் வகை சரி. விளக்குப் போட்டு ஒன்றரை மணி நேரமாவது கழித்து, கல்லுக்குக் கிட்டப் பிடித்து அளக்க வேண்டும், தூரத்தில் இருந்து காட்டினால் சுற்றியுள்ளதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடும். காற்றின் சூட்டுக்கு இது உதவாது, அதற்கு வயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் குளிர்ந்த பக்கத்தில் வையுங்கள்.

சூடு அதிகம் என்றால் உடனே பல்பை மாற்றாதீர்கள். விளக்கை ஓரிரு அங்குலம் உயர்த்துங்கள், அல்லது கல்லைத் தாழ்த்துங்கள், மறுபடி அளந்து பாருங்கள். டிம்மர் இருந்தால் இன்னும் எளிது. வெளிச்சம் ஒரு புள்ளியில் குவிகிற ஸ்பாட் பல்பைவிட, வெளிச்சம் பரவலாக விழுகிற ஃப்ளட் வகை ஹாலோஜன் நல்லது, ஏனென்றால் முதுகு முழுவதும் ஒரே சீராகச் சூடேற வேண்டும். நடு முதுகு மட்டும் வெந்து, மற்ற இடம் சூடாகாமல் இருந்தால் அது எழுந்து போகாமல் அங்கேயே கிடந்து புண் வாங்கிக்கொள்ளும். அடியில் இருந்து சூடாகும் மின்சாரக் கல் கடையில் கிடைக்கும், வாங்கவே வாங்காதீர்கள், வயிறு பொசுங்கிய பல்லிகள் உண்டு.

கல்லில் படுத்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தால் பதறாதீர்கள், அது அதன் இயல்பு. குளிர்ந்த பக்கத்தில் இருக்கும்போதும் வாய் திறந்திருந்தால், அல்லது கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருந்தால், முதலில் அந்தப் பக்கத்து சூட்டை அளந்து பாருங்கள். சென்னை மே மாதத்தில் அறையே 35-ஐத் தொடும்போது விளக்கு நேரத்தைக் குறைத்து, ஏசியோ நல்ல காற்றோட்டமோ கொடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, இந்த எண்ணை வேறு பல்லிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். யூரோமாஸ்டிக்ஸுக்குக் கல் 50 டிகிரி இருக்கலாம், லெப்பர்ட் கெக்கோவுக்கு 32, 34 போதும், நியூ கலிடோனியாக் காட்டு மரங்களில் வாழும் கிரெஸ்டட் கெக்கோவுக்கோ அறை 28-ஐத் தாண்டினாலே கஷ்டம். நம் ஊர் உடும்பைப் பிடித்து வந்து இதையெல்லாம் செய்து பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால், அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சூடு தருகிற ஹாலோஜன் பல்பு யூவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தராது, அதற்குத் தனியாக ஒரு குழல் விளக்கு வேண்டும். இரவில் இரண்டையும் அணைத்துவிடுங்கள், சிவப்பு பல்பெல்லாம் தேவையில்லை. அறை 18 டிகிரிக்குக் கீழே போகாதவரை இரவுச் சூடே வேண்டாம்; ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் மட்டும் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்றை, சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு மாட்டி, கம்பிக் கூடு போட்டு மூடி வையுங்கள்.