தொலைபேசி எண்ணுக்கு இன்ட் வேண்டாம்
தொலைபேசி எண், அடையாள எண், அஞ்சல் குறியீடு மூன்றையும் தரவுதளத்தில் வார்சார் (VARCHAR, எழுத்துகளாகச் சேமிப்பது) வகையாகவே வையுங்கள். கோயிலுக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ உறுப்பினர் பட்டியல் செய்யப் பழகுபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

இன்ட் (INT, முழு எண்) வகைக்கு முன்னால் நிற்கும் சுழியம் தெரியாது. 031 என்று தொடங்கும் டர்பன் எண் 31 என்று ஆகிவிடும். பிரிட்டோரியாவின் அஞ்சல் குறியீடு 0001 வெறும் 1 ஆகிவிடும். தென்னாப்பிரிக்க அடையாள எண்ணுக்கு 13 இலக்கம், இன்ட் தாங்குவதோ 2147483647 வரைதான். மைஎஸ்கியூஎல் (MySQL) தரவுதள மென்பொருள் கண்டிப்பு முறையில் (strict mode) இருந்தால் பிழை காட்டி நிறுத்தும், அது நல்லது. அந்த முறை அணைந்திருந்தால் ஓர் எச்சரிக்கையோடு கிட்டத்தட்ட எல்லாருக்கும் அதே 2147483647 பதிவாகும். உண்மையான எண் திரும்பக் கிடைக்காது. இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் பிக்இன்ட்டும் தீர்வல்ல: 2000இல் பிறந்தவரின் எண் 00 என்றுதான் தொடங்கும்.

தேடும்போதும் எண்ணை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். இல்லாவிட்டால் விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸ் பயன்படாமல் அட்டவணை முழுவதையும் துழாவும்.

கூட்டிக் கழிக்கும் எதற்கும் இது பொருந்தாது. சந்தா ரேண்ட் தொகைக்கு டெசிமல்(10,2), அதாவது மொத்தம் 10 இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் 2, போடுங்கள். வயதை வார்சாரில் வைத்தால் வரிசைப்படுத்தும்போது 9க்கு முன்னால் 10 வந்து நிற்கும்.