நாகர்கோவிலில் வாங்க வேண்டியது, ஊரிலேயே வாங்கிக்கொள்ளக் கூடியது

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ குமரி மாவட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் நேந்திரன் சிப்ஸோடு திரும்பிவிடுகிறார்கள். நேந்திரன் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. இங்கே முதலில் தேட வேண்டியது மட்டி வாழைப்பழம்தான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பழம் சின்னது, நுனி மெல்ல நீண்டிருக்கும், நல்ல மணம். தோல் மெல்லியது, பழுத்தால் அதிக நாள் தாங்காது. அதனால்தான் வெளியூர்க் கடைகளில் அபூர்வம். கொண்டுபோக நினைத்தால் நன்றாக விளைந்து, இன்னும் பழுக்காத சீப்பாகக் கேளுங்கள். பையின் மேல்பக்கம் வையுங்கள். தனித்தனிப் பழமாக வாங்க வேண்டாம், காம்புப் பக்கம் சீக்கிரம் கெட்டுவிடும்.

மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, சேலம் பக்கமும் ஏராளமாக விளைகிறது. ஆனால் அங்கே பெரும்பகுதி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. இங்கே அது மீன்குழம்போடு சாப்பாடு. பிடுங்கி இரண்டு மூன்று நாளிலேயே தரம் குறையும். கடைக்காரரிடம் ஒன்றை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள்; உள்ளே நீலமாகவோ பழுப்பாகவோ கோடு ஓடினால் வேண்டாம். எந்த ஊரானாலும் இதே சோதனைதான்.

அப்புறம் கிராம்பு. குமரி மலைத்தோட்டத்துக் கிராம்புக்கும் புவிசார் குறியீடு உண்டு. இரண்டு மூன்றைத் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினாலோ நெட்டுக்குத்தாக நின்றாலோ எண்ணெய்ச் சத்து இருக்கிறது. படுத்து மிதப்பது எண்ணெய் எடுத்த சக்கையாக இருக்கலாம். உங்கள் ஊர்க் கிராம்பையும் பக்கத்திலேயே போட்டுப் பாருங்கள்.