பாட்காஸ்டுக்கு இசை செய்து தருகிறவர்கள் வாய்ப்பு தேடும்போது செய்யும் தவறுகள்

இசை வேண்டும் என்று தேடுகிற பாட்காஸ்டரின் மனசில் பாட்டு இருக்காது, அவருடைய குரல்தான் இருக்கும். குரல் வருவதற்கு முன்னால் ஒரு இருபது விநாடி, நடுவில் பேச்சு திசை மாறும்போது இரண்டு மூன்று விநாடி, விடைபெறும்போது ஒரு அரை நிமிஷம், அவ்வளவுதான் அவருக்குத் தேவை. நாமோ நாலு நிமிஷப் பாட்டைக் கொண்டுபோய் நீட்டுகிறோம். அவர் கேட்பதும் நாம் காட்டுவதும் வேறுவேறாக இருப்பதால்தான், நல்ல இசைக்காரர்கள் பலருக்கும் பதிலே வருவதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நானும் ஆரம்பத்தில் எல்லாருக்கும் என் ஆல்பம் லிங்கைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்து ஒருவர் மட்டும் பதில் போட்டார். "நன்றாக இருக்கிறது, ஆனால் இதை என் நிகழ்ச்சியில் எங்கே வைப்பது?" என்று கேட்டிருந்தார். அன்று ராத்திரியே என் டிராக் ஒன்றை எடுத்து, கையில் கிடைத்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை அதன்மேல் வாசித்துப் பதிவு செய்து, போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். பாதி வார்த்தை புரியவில்லை. ச, த, ட மாதிரி எழுத்துகளெல்லாம் கிட்டாருக்குள் போய் ஒளிந்துகொண்டன. பேச்சில் மெய்யெழுத்துகளைத் தெளிவாகக் காட்டுவது பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிதான், என் கிட்டார் கம்பியில் பிளெக்ட்ரம் படுகிற சத்தமும் சரியாக அங்கேயேதான் இருந்தது. மெலடியைக் குரல் தொடங்குவதற்கு முன்னாலேயே முடித்துவிட்டு, குரலுக்கு அடியில் பேஸையும் ஒரு மெல்லிய பேடையும் (நீண்டு ஒலிக்கும் மென்மையான பின்னணி ஒலி) மட்டும் விட்டேன், அந்த ஹெர்ட்ஸ் பகுதியை ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) கொஞ்சம் குறைத்தேன். சட்டென்று குரல் முன்னால் வந்து நின்றது. அந்த ஒரு நிமிஷப் பதிவுதான் எனக்கு வேலை வாங்கித் தந்த முதல் டெமோ.

அதனால் இசையை மட்டும் தனியாகக் கேட்க வைக்காதீர்கள். குரலோடு சேர்த்துக் காட்டுங்கள். உங்கள் குரல் பிடிக்கவில்லையென்றால் நண்பர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். ஆனால் இன்னொருவருடைய எபிசோடை எடுத்து, அதில் உங்கள் இசையைப் போட்டு, "இப்படி இருந்திருந்தால் எப்படி?" என்று பொதுவெளியில் போடுவது வேண்டவே வேண்டாம். அவர் அனுமதி இல்லாமல் அவர் குரலைப் பயன்படுத்துகிறீர்கள், கூடவே அவர் நிகழ்ச்சியில் குறை இருக்கிறது என்று ஊருக்கே சொல்கிறீர்கள். ஏற்கெனவே இருக்கும் இசையை மெயிலில் மட்டம் தட்டுவதும் இதே தவறுதான். அதைச் செய்து கொடுத்தது அவருடைய தம்பியாகக்கூட இருக்கலாம்.

டெமோ ரீலை, அதாவது நம் இசை மாதிரிகளைக் கோத்த தொகுப்பை, மெதுவாகத் தொடங்குவதும் பெரிய தப்பு. நமக்கு ஃபேட் இன் அழகாகத் தெரியும், பதினைந்து விநாடி மூடுபனி மாதிரி ஒரு பேட் எழுந்து வந்து அப்புறம்தான் ரிதம் விழும், ஆனால் கேட்கிறவர் அதற்குள் அடுத்த மெயிலுக்குப் போயிருப்பார். இருப்பதிலேயே நல்லதை முதலில் வையுங்கள், மொத்தமே ஒன்று, ஒன்றரை நிமிஷத்துக்குள் முடியுங்கள். நேர்காணல், கதை சொல்லல், குற்றச் செய்தி, குழந்தைகள் நிகழ்ச்சி என்று வகைக்கு ஒரு ரீல் தனித்தனியாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறவருக்குக் குற்ற நிகழ்ச்சியின் இருட்டு இசையைக் கேட்டு முடிவெடுக்கத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்தது மெயில். பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால், படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். குறைந்தது இரண்டு எபிசோடாவது முழுசாகக் கேட்டுவிட்டு, கேட்டவருக்கு மட்டுமே தெரிகிற ஒன்றை எழுதுங்கள். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "போன வார எபிசோடில் விருந்தினர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லி முடித்ததும் உடனே விளம்பரம் வந்துவிட்டது. அந்த இடத்தில் நாலு விநாடி மூச்சுவிட இடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதற்காகச் சின்னதாக ஒன்று செய்து பார்த்தேன், லிங்க் கீழே இருக்கிறது." இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை. நான் எத்தனை வயதில் கீபோர்டு கற்றுக்கொண்டேன் என்பது அவருக்கு எதற்கு?

லிங்க் என்றதும் ஞாபகம் வருகிறது. தயவுசெய்து வேவ் ஃபைலை இணைத்து அனுப்பாதீர்கள். சிடி தரத்தில் ஒரு நிமிஷ ஸ்டீரியோ வேவ் சுமார் 10 எம்பி வரும், ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பிதான் எல்லை. டவுன்லோடு செய்யாமல், லாகின் கேட்காமல், தட்டியதும் பாடுகிற லிங்காக இருக்கட்டும். டிரைவில் போட்டு அனுமதியைத் திறந்துவிட மறந்தால், அவர் திரையில் "அணுகல் வேண்டும்" என்று வந்து நிற்கும், பெரும்பாலானவர்கள் அங்கேயே விட்டுவிடுவார்கள். அனுப்புவதற்கு முன்னால் இன்காக்னிட்டோ விண்டோவில் ஒருமுறை திறந்து பாருங்கள். பதில் வரவில்லையென்றால் ஒரு பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கே போய்ச் சொல்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். பலர் தங்கள் வேலையை மற்ற இசைக்காரர்கள் இருக்கும் குழுக்களில் மட்டுமே போடுகிறார்கள். அங்கே பாராட்டு கிடைக்கும், நட்பு கிடைக்கும், வேலை கொடுப்பவர் அங்கே இருக்கமாட்டார். நான் முதலில் தேடிப்போவது பாட்காஸ்ட் எடிட்டர்களைத்தான். ஒரு எடிட்டர் ஒரே சமயத்தில் நாலைந்து நிகழ்ச்சிகளைக் கையாளுவார், இசை பொருந்தாமல் ராத்திரி வரை உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறவரும் அவர்தான். அவரிடம் "இன்ட்ரோ, அவுட்ரோ, லூப் ஆகிற பெட் ஒன்று, மூன்று ஸ்டிங்கர், எல்லாவற்றுக்கும் தனித்தனி ஸ்டெம்" என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார். பெட் என்பது பேச்சுக்கு அடியில் ஓடும் இசை, ஸ்டிங்கர் என்பது பேச்சு திசை மாறும்போது வரும் சின்னத் துண்டு, ஸ்டெம் என்பது டிரம்ஸ், பேஸ் என்று பிரித்துத் தரும் தனி ஆடியோ. முடிந்த எபிசோடு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சராசரி சத்தத்தின் அளவு) அளவை ஒட்டி இருக்க வேண்டும், ட்ரூ பீக் (ஒலி தொடும் உச்சம்) மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் தரும் பரிந்துரை. அது தெரிந்துதான் மிக்ஸ் செய்கிறேன் என்று ஒரு வரி போட்டால் அவர் நிம்மதியாகிவிடுவார்.

இப்போது நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம், உரிமை. "ராயல்டி ஃப்ரீ" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்காமல் விடுகிறோம். ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் திரும்பத் திரும்பப் பணம் தரவேண்டாம் என்பதுதான் அதன் பொருள். இலவசம் என்றோ, இசையின் உரிமை முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது என்றோ பொருள் இல்லை. ஒரு டிராக்கில் இயற்றிய இசைக்கு ஒரு உரிமை, அந்தப் பதிவுக்கு இன்னொரு உரிமை என்று இரண்டு இருக்கின்றன. இதில் எதை, எவ்வளவு காலத்துக்கு, எங்கெல்லாம் பயன்படுத்தத் தருகிறீர்கள், வீடியோ வடிவத்துக்கும் டிரெய்லருக்கும் மேடை நிகழ்ச்சிக்கும் அது பொருந்துமா என்று எளிய வார்த்தைகளில் அரைப் பக்கம் எழுதி உங்கள் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். இசைக்காரர்கள் சார்பில் உரிமைத்தொகை வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கம் எதிலாவது உறுப்பினராக இருந்தால், உங்கள் உரிமைகளில் சிலவற்றை ஏற்கெனவே அவர்களிடம் ஒப்படைத்திருக்கக்கூடும். "முழு உரிமையும் உங்களுக்கே" என்று வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூடியூப் கன்டென்ட் ஐடி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பதிவு செய்த இசை வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் ஏற்பாடு அது. ஒரு நிகழ்ச்சிக்குச் செய்த தீம் எனக்கே ரொம்பப் பிடித்துப்போய், விளம்பரமாகவும் இருக்கட்டும் என்று சிங்கிளாக வெளியிட்டேன். பாட்டை ஆன்லைன் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டர் தளத்தில் வரிசையாக வந்த பெட்டிகளில் கன்டென்ட் ஐடி பெட்டியையும் டிக் செய்துவிட்டேன். சில நாளில் அந்தப் பாட்காஸ்டரின் வீடியோ எபிசோடுகள்மேல் உரிமைகோரல் விழுந்தது. தன் காசு கொடுத்துச் செய்துகொண்ட இசைக்கு, தன் சேனலிலேயே, என் பெயரில் ஒரு கோரிக்கை. அதை நான் விலக்கிக்கொண்டேன், மன்னிப்பும் கேட்டேன், ஆனாலும் அடுத்த சீசனுக்கு அவர் வேறு ஒருவரிடம் போனார், அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒருவருக்காகச் செய்த இசையை நீங்களும் வெளியிடலாமா என்பதை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள், வெளியிட்டாலும் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். பலருக்கும் விற்கப்படுகிற லூப் பேக்கிலிருந்து (முன்பே பதிவுசெய்த இசைத் துண்டுகளின் தொகுப்பு) எடுத்த துண்டு உங்கள் டிராக்கில் இருந்தால் கன்டென்ட் ஐடியில் பதிவதே விதிப்படி தவறு.

விலையைப் பொறுத்தவரை, முன்பே செய்துவைத்த இசையை எல்லாருக்கும் விற்கும் ஸ்டாக் லைப்ரரியோடு போட்டி போட்டுக் குறைத்துக்கொண்டே போவதில் பிரயோஜனம் இல்லை, அங்கே நம்மால் ஜெயிக்க முடியாது. நம்மால் தரமுடிந்தது வேறு: ஒரே மெலடியிலிருந்து பிறந்த இன்ட்ரோ, ஸ்டிங்கர், அவுட்ரோ, வேறு எந்த நிகழ்ச்சியிலும் கேட்காத ஒலி, சீசன் மாறும்போது கூடவே மாறும் இசை. விலை விவரத்தில் இதைச் சொல்லுங்கள், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "க்ரெடிட் மட்டும் போதும்" என்று இலவசமாகச் செய்து கொடுத்தால், பல நேரம் அந்த க்ரெடிட்டும் வராது. கூலி வாங்குங்கள், க்ரெடிட்டும் கேளுங்கள், ஷோ நோட்ஸில் (எபிசோடோடு வரும் குறிப்பு) போடவேண்டிய வரியை லிங்கோடு நீங்களே எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் அதை காப்பி செய்து ஒட்டினால் போதும் என்ற நிலையில் இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ப்ராஜெக்ட் ஃபைலை, அதாவது இசையைத் திரும்பத் திறந்து திருத்தக்கூடிய மூல ஃபைலை, தொலைத்துவிடுவது கடைசித் தவறு. இதைச் சிலர் விளம்பரத்தோடு சம்பந்தப்பட்டதாகவே நினைப்பதில்லை. ஒரு வருஷம் கழித்து, இன்ட்ரோவைப் பத்து விநாடியாகச் சுருக்கித் தரமுடியுமா, டிரம்ஸ் இல்லாமல் ஒன்று கிடைக்குமா என்று மெயில் வரும். நிகழ்ச்சியின் பெயர், தேதி, டெம்போ, சுருதி எல்லாம் எழுதிய ஃபோல்டரில் எல்லா டிராக்கையும் ஆடியோவாக எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்தால், பிளக்இன் மாறியிருந்தாலும் கணினியே மாறியிருந்தாலும் அன்று சாயங்காலமே அனுப்பிவிடலாம். நான் அப்படி அனுப்பிய ஒருவர், அடுத்த வாரம் இன்னொரு நிகழ்ச்சிக்காரரையும் சிசியில் போட்டு, "இசை வேண்டுமென்றால் இவரிடம் கேளுங்கள்" என்று மெயில் எழுதினார்.