பழைய டீசல் எஞ்சின் பார்க்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், அல்லது கோடை விடுமுறைக்கு வருகிறீர்கள். வீட்டில் ஒரு பிள்ளையோ பெரியவரோ ரயில் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற ஆள். அவரை எங்கே, எப்படிக் கூட்டிப் போவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீராவி எஞ்சினைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் டீசல்காரன். எழுபதுகளின் கடைசியில் ரயில் ஊரான டொன்காஸ்டரில் வளர்ந்தவன் வேறு எப்படி இருப்பான்? அப்பாவுக்கு அங்கே ஆஸ்பத்திரி வேலை. எனக்குப் பள்ளிக்கூடம் விட்டால் ஸ்டேஷன் மேடையின் நுனி.

முதல் தடவை கமெரா வேண்டாம். ஒரு சின்னக் கொப்பி, ஒரு பென்சில் போதும். பேனை மழையில் கரைந்துவிடும், இங்கே மழை வராத நாளை நம்பிப் புறப்பட முடியாது. நிறைய ஜேப்புள்ள ஒரு மழைக்கோட்டு இருந்தால் நல்லது. அதைப் போட்டால் ஊரார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எண்ணைப் படிக்கப் பழகுவதுதான் முதல் வேலை. அறுபதுகளில் டீசல் எஞ்சின்களுக்கு டி என்ற எழுத்தும் அதன் பின்னால் ஓர் எண்ணும் இருந்தன. 1973, 74 வாக்கில் பிரிட்டிஷ் ரயில்வே கணினி முறைக்கு மாறியபோது பெரும்பாலானவற்றுக்கு ஐந்து இலக்க எண் கொடுத்தார்கள். முதல் இரண்டு இலக்கம் வகை, மிச்சம் மூன்றும் அந்த வகைக்குள் வரிசை. 37 என்று தொடங்கினால் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கட்டிய 1750 குதிரைவலு எஞ்சின். 47 என்றால் பிரஷ் கம்பனியோ குரூ வேலைத்தலமோ கட்டியது, உள்ளே சுல்சர் கம்பனியின் மோட்டர். 55 என்றால் டெல்டிக், அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

டி9009 என்பதும் 55009 என்பதும் ஒரே எஞ்சின். பெயர் அலிசிடன், பந்தயக் குதிரை ஒன்றின் பெயர். ஆனால் எல்லாம் இப்படி நேராகப் போகாது. புதிய முறையில் 000 என்று முடியும் எண் இல்லை. அதனால் டெல்டிக்குகளில் முதல் எண்ணான டி9000 கடைசிக்குப் போய் 55022 ஆனது. 37 வகையின் முதல் எஞ்சின் டி6700, பிறகு 37119, அதன் பிறகு 37350. ஒரே எஞ்சினை மூன்று தடவை கணக்கில் சேர்த்துவிட்டுப் பெருமைப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இந்த எண் வேட்டையை ஒரு தேசியப் பழக்கமாக்கியவர் இயன் அலன் என்ற ரயில்வே அலுவலக இளைஞர். 1942 இல் அவர் எஞ்சின் எண்களை மட்டும் அச்சடித்துச் சின்னப் புத்தகமாக விற்றார். பார்த்த எண்ணின் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட வேண்டும். இன்றும் அதே மாதிரிச் சட்டைப்பை அளவுப் புத்தகங்கள் கிடைக்கின்றன, ஒன்று வாங்குங்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு சட்டம் இருந்தன. எண்ணை உங்கள் கண்ணால் படித்திருக்க வேண்டும், பக்கத்தில் நின்றவன் கத்தியது கணக்கில் வராது. அந்த எஞ்சின் இழுத்த ரயிலில் ஏறிப் போயிருந்தால் சிவப்புக் கோடு. சிவப்புக் கோடு போட்டவன் அன்றைக்கு ராசா.

அடுத்தது காது. சொல்லப்போனால் முழு விஷயமும் காதில்தான் இருக்கிறது. 40 வகை நின்றுகொண்டிருக்கும்போதே மெல்ல விசிலடிக்கும், அது அதன் டர்போவின் சத்தம். விஸ்லர் என்றுதான் கூப்பிடுவோம். 20 வகைக்கு ஓட்டுநர் அறை ஒரு பக்கம் மட்டும். நீண்ட மூக்கு முன்னால் இருந்தால் பாதை சரியாகத் தெரியாது என்பதால் இரண்டை மூக்கோடு மூக்கு கோர்த்து ஓட்டுவார்கள். ஹெலிகொப்டர் இறங்குவது போலப் படபடக்கும், அதனால் சாப்பர். 50 வகைக்கு ஹூவர், அதாவது தூசி உறிஞ்சும் இயந்திரம், என்று பெயர். காற்றை வடிகட்டி உள்ளே இழுக்கிற விசிறிகள் அப்படிச் சத்தம் போட்டன. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் டொன்காஸ்டர் வேலைத்தலத்தில் அவற்றைப் புதுப்பித்தபோது அந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

37 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1960 முதல் 65 வரை 309 எஞ்சின் கட்டினார்கள். அறுபது வருடம் கழித்தும் சில பிரதான பாதையில் வேலை செய்கின்றன. தொடங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்குவதுதான் சரி. கிடைப்பது எளிது, உறுமல் ஒரு தடவை கேட்டால் மறக்காது.

சரி, டெல்டிக். 1961, 62 இல் 22 கட்டினார்கள், அவ்வளவுதான். கடற்படையின் வேகப் படகுகளுக்காகச் செய்த நேப்பியர் எஞ்சினை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டாக வைத்தார்கள். ஒரு நேப்பியருக்கு 18 சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன் எதிரும் புதிருமாக ஓடும். மூன்று கிராங்க் தண்டுகள் முக்கோணத்தின் மூன்று மூலையிலும் இருக்கும். இரண்டும் சேர்ந்து 3300 குதிரைவலு. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோ வரை மணிக்கு 100 மைல் வேகத்தில் ஓடியவை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முதலில் நீலப் புகை மேடையை மூடும். அப்புறம் ஒரு ரீங்காரம், காதில் அல்ல, நெஞ்செலும்பில் கேட்கும். மேடையில் நின்ற அப்பா ஒரு தடவை, "இவன் கோச்சி இல்லை, கோயில் மேளம்" என்றார்.

125 மைல் வேக ரயில்கள் வந்த பிறகு இவற்றுக்கு இடமில்லாமல் போனது. 1982 ஜனவரி 2 ஆம் திகதி கடைசிச் சிறப்பு ரயில். போகும்போது 55015, திரும்பி வரும்போது 55022. பெரிய மனிதர்கள் மேடையில் நின்று அழுததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். பிறகு டொன்காஸ்டர் வேலைத்தலத்தின் வேலிக்குள் அவை வெட்டப்பட்டன. பராமரித்த அதே கைகள்தான் வெட்டின. ஆறு தப்பின. டெல்டிக் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்த ஆறில் ஒன்றைத்தான் தேட வேண்டும். செஸ்டர்பீல்டுக்குப் பக்கத்தில் பாரோ ஹில் என்ற இடத்தில் 1870 இல் கட்டிய வட்டக் கொட்டகை இருக்கிறது, அங்கே டெல்டிக் பாதுகாப்புச் சங்கத்துக்குச் சொந்தக் கொட்டகையும் உண்டு. திறந்திருக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஏறிப் போக வேண்டுமென்றால், பழைய ரயில்களைப் பாதுகாத்து ஓட்டுகிற பாரம்பரிய ரயில் பாதைகள்தான் வழி. வருடத்தில் சில நாட்கள் டீசல் காலா என்று விளம்பரம் செய்வார்கள். மூன்று நான்கு நாட்களுக்கு நாடு முழுவதிலுமிருந்து எஞ்சின்களைக் கூட்டி வந்து ஓட்டுவார்கள். காரில்லாமல் போகக்கூடியவையாகச் சொல்கிறேன். மான்செஸ்டரிலிருந்து டிராமில் பெரி என்ற ஊருக்குப் போனால், இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஈஸ்ட் லங்காஷயர் பாதை. பெர்மிங்காமிலிருந்து கிடர்மின்ஸ்டருக்குப் போனால் பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே செவர்ன் வேலி. லீட்ஸ் பக்கத்திலிருந்து கீத்லி போனால் ஒரே ஸ்டேஷனுக்குள் மேடை மாறினால் போதும், வொர்த் வேலி.

எனக்குப் பிடித்தது கீத்லிதான். காரணம் ஏற்றம். கிளம்பின உடனே வளைந்து மேலே ஏறத் தொடங்கும், ஒக்ஸன்ஹோப் வரை சுமார் 5 மைலும் ஏற்றம்தான். சமதரையில் பழைய எஞ்சின் தூங்கிக்கொண்டு போகும், மேட்டில்தான் வாயைத் திறக்கும். பெரியிலும் ஹேவுட் பக்கம் போகிற ரயில் டிராம் பாதைக்கு மேலே செங்குத்தாக ஏறி இறங்கும் ஒரு பாலம் உண்டு, அதை விடாதீர்கள். யோர்க்ஷயர் மூர்ஸில் குரோஸ்மண்டிலிருந்து கோத்லாண்டுக்கு 49 அடிக்கு ஓர் அடி ஏற்றம், அங்கே டீசல் ஓடுகிற நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஏறும்போது எஞ்சினுக்கு அடுத்த முதல் பெட்டி. ஜன்னலைத் திறக்கலாம், தலையை வெளியே நீட்டக் கூடாது, பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நாள் முழுவதும் ஏறி இறங்கும் ரோவர் டிக்கெட் எடுங்கள். எந்த எஞ்சின் எந்த ரயிலை இழுக்கிறது என்ற அட்டவணையை முன்தினமே அச்சடித்து வையுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சும்மா உட்கார்ந்திருப்பது புதுசாக வருகிறவர்களின் வழக்கம். ஒற்றைப் பாதை என்பதால் நடுவழி ஸ்டேஷன்களில் எதிரெதிர் ரயில்கள் கடந்து போகும். செவர்ன் வேலியில் ஆர்லியில் இறங்கி எதிர் ரயிலில் ஏறினால் மூன்று மணிநேரத்தில் நான்கு எஞ்சினுக்குச் சிவப்புக் கோடு போடலாம். இறங்கி ஏறுவதற்கு இரண்டு நிமிடம்தான் இருக்கும், கால் வலிக்காரரை இதில் சேர்க்க வேண்டாம்.

சாப்பாடு கையில் கொண்டு போங்கள். நான் ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டு போவேன், கொஞ்சம் கூடுதலாகவே. முதல் பெட்டியில் எப்போதும் உட்காரும் வெள்ளைக்காரக் கிழவர்கள் என் பெயரை மறந்தாலும் ரோல்ஸை மறப்பதில்லை. அவர்களிடம் பேச்சுத் தொடங்க, இன்றைக்கு எதில் ஏறினீர்கள் என்று கேட்டால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பிரதான பாதை ஸ்டேஷனில் நிற்பதானால் வேறு ஒழுங்கு. வந்ததும் ஊழியரிடம் சொல்லிவிட்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். பிளாஷ் அடிக்கக் கூடாது, ஏணி, முக்காலி எல்லாம் வேண்டாம். ரியல்டைம் டிரெயின்ஸ் என்ற தளத்தைப் போனில் திறந்தால் எது எப்போது கடக்கும் என்று தெரியும். அங்கே வரும் நான்கு எழுத்துக் குறியில் முதல் இலக்கம் 1 என்றால் விரைவு ரயில், 2 சாதாரணப் பயணி ரயில், 5 வெறும் பெட்டிகள், 6 சரக்கு, 0 தனியாகப் போகும் எஞ்சின். இந்தப் பூச்சியத்தைத்தான் கவனிக்க வேண்டும், பழைய எஞ்சின்கள் காலாவுக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான். எங்கள் காலத்தில் இந்தக் குறி எஞ்சின் நெற்றியிலேயே இருந்தது, 1976 இல் காட்டுவதை நிறுத்தினார்கள்.

சரக்கு ரயிலை இழுப்பது இப்போது பெரும்பாலும் 66 வகை. 1998 முதல் வந்தவை, இங்கிலாந்துப் பழையவர்கள் ஷெட், அதாவது கொட்டகை, என்று திட்டுவார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரத்தில் அவற்றைக் கட்டினார்கள். ஐம்பதுகளில் இலங்கைக்கு வந்த எம் 2 எஞ்சின்களும் அதே ஊரில் கட்டியவைதான். அப்பாவுக்கு அவற்றின் கனடா மாகாணப் பெயர்கள் மனப்பாடம்: ஒன்டாரியோ, அல்பேர்ட்டா. அவர் எண்களை எழுதவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

கொப்பியில் ஒரு வரிக்கு இவ்வளவு போதும்: திகதி, இடம், எஞ்சின் எண், எங்கிருந்து எங்கே, மைல். மைலைத் தசமத்தில் எழுதாமல் செயினில் எழுதுங்கள், 80 செயின் ஒரு மைல். ரயில்வே அப்படித்தான் அளக்கிறது. என் மருமகன் போனில் எழுதுகிறான். "மாமா, உது பழைய முறை" என்கிறான். அவன் போனில் சார்ஜ் தீர்ந்த அன்றைக்கு என் கொப்பியைத்தான் கேட்டான்.

கடைசியாக ஒன்று. இவை அறுபது வயது இயந்திரங்கள், விளம்பரத்தில் டெல்டிக் என்று போட்டிருந்தாலும் காலையில் கோளாறாகி நின்றுவிடலாம். புறப்படுவதற்கு முன் பாதைக்காரர்களின் அறிவிப்பைப் பாருங்கள். பதிலுக்கு வருவது 47 ஆக இருக்க நிறைய வாய்ப்புண்டு, 512 கட்டினார்கள். பக்கத்தில் உள்ளவர்கள் முணுமுணுப்பார்கள். நீங்கள் ஏறுங்கள், மேட்டில் 47 உம் நன்றாகவே கத்தும், முதல் பெட்டியிலும் இடம் இருக்கும்.