நிழலான தோட்ட ஓரத்துக்குச் செடி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நிழலில் வளரும் செடி" என்று யாரோ சொன்ன நாலைந்து பெயரைக் குறித்துக்கொண்டு போய் வாங்கி வந்து வரிசையாக நட்டுவிடுகிறோம். பெரும்பாலான தோட்ட ஓரங்கள் கெட்டுப்போவது இங்கேதான். சுவரோர நிழல் வேறு, மரத்தடி நிழல் வேறு. சுவரோரம் பெரும்பாலும் ஈரம் சீக்கிரம் காயாது. மரத்தடியிலோ மழை பெய்தாலும் ஒரு பங்குத் தண்ணீர் இலையிலேயே நின்றுவிடும், கீழே விழுந்ததை மரத்தின் வேர் குடித்துவிடும்.

இதை நான் பெரணி வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். பெரிய மரம் ஒன்றின் அடியில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றியும் இலை நுனி பழுப்பாகிச் சுருண்டுகொண்டே வந்தது, நானும் வெயில் படுகிறதோ, பூச்சியோ என்று தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு நாள் களைக்கொட்டால் தோண்டிப் பார்த்தால் மேலே இரண்டு அங்குலம்தான் ஈரம், அதற்குக் கீழே மண் பொடிப்பொடியாக உதிர்கிறது, நடுவே மரத்தின் சல்லிவேர் வலை பின்னியதுபோல ஓடியிருக்கிறது. பெரணியைப் பிடுங்கிச் சுவரோரம் மாற்றியதும் பிழைத்துக்கொண்டது. மரத்தடிக்கு ஸ்நேக் பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட் மாதிரி வறட்சி தாங்குகிறவைதான் சரி. இதையே திருப்பி, ஈரச் சுவரோரத்தில் ஸ்நேக் பிளான்டை வைத்து நிறையத் தண்ணீர் ஊற்றினால் அடி அழுகிவிடும்.

மரத்தடியில் இன்னொரு தவறும் நடக்கிறது. வேர் இடைஞ்சலாக இருக்கிறது என்று அதன்மேல் ஓரடி மண்ணைக் கொட்டி மேடாக்குவார்கள். மரத்தின் வேருக்கும் காற்று வேண்டும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேர்களுக்கு நடுவே கிடைக்கும் சின்னச் சந்துகளில் சிறிய நாற்றாக நடுங்கள், பெரிய செடி வைக்கக் குழி வெட்டினால் வேர்தான் வெட்டுப்படும்.

அடுத்தது வெயில் கணக்கு. ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு "இங்கே வெயிலே வராது" என்று முடிவு செய்யாதீர்கள். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் பாருங்கள். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழுந்தால் பிகோனியா, காசித்தும்பை எல்லாம் நன்றாகவே பூக்கும். அதே அளவு வெயில் பிற்பகலில் சுள்ளென்று விழுந்தால் கலாத்தியா இலை கருகிப்போகும். பருவம் மாறும்போது சூரியன் போகும் பாதையும் நகரும் என்பதால், இன்று நிழலாக இருக்கும் இடம் சில மாதம் கழித்து வெயிலாகலாம்.

நிறத்தைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. குரோட்டன் இலையில் சிவப்பும் மஞ்சளும் ஏற நல்ல வெளிச்சம் வேண்டும், நிழலில் வைத்தால் புது இலைகள் பச்சையாகவே வரும். நிழலில் நிறம் வேண்டுமென்றால் கலேடியம், அக்லோனிமா வையுங்கள். வெள்ளை கலந்த இலை இருண்ட மூலையையே எடுத்துக்காட்டும், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் கலேடியம் வருடத்தில் சில மாதம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் உறங்கும். செத்துவிட்டது என்று தோண்டி எறிந்துவிடாதீர்கள், அந்தச் சமயத்தில் தண்ணீரை மட்டும் குறையுங்கள்.

மணி பிளான்ட், சிங்கோனியம் இரண்டையும் தரையில் விடுவதற்கு முன் யோசியுங்கள், மரத்தில் ஏறினால் அப்புறம் கட்டுப்படுத்துவது பெரும்பாடு. குழந்தையோ நாயோ பூனையோ இருக்கும் வீட்டில் டிஃபன்பேக்கியாவை ஓரத்தில் வைக்கவே வேண்டாம். அதன் தண்டிலும் இலையிலும் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, கடித்தால் வாய் எரிந்து வீங்கும். கலேடியம், அக்லோனிமா, மணி பிளான்ட் எல்லாம் அதே சேம்புக் குடும்பம்தான், எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

வாங்கிவந்த அன்றே நட வேண்டிய அவசியமும் இல்லை. தொட்டியோடு அந்த இடத்தில் மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். புது இலை சிறுத்து, காம்பு மட்டும் நீண்டு வெளிச்சம் இருக்கும் பக்கம் சாய்ந்தால், அந்த இடம் அதற்குப் போதவில்லை. தொட்டியை வேறு பக்கம் நகர்த்திவிட்டு அங்கே அடுத்ததை வைத்துப் பாருங்கள்.