யாக்-52ல ஃபார்மேஷன்: முன்ன பின்ன ஆடுறது எப்படி நின்னுச்சு

அமெரிக்கால யாக்-52ங்கிற சோவியத் பயிற்சி விமானத்துல ஃபார்மேஷன், அதாவது விமானங்கள் நெருக்கமா சேர்ந்து பறக்கிறது, கத்துக்கிட்டு இருக்கேன், லீடருக்கு (வழிநடத்துற விமானத்துக்கு) பக்கவாட்டுல 45 டிகிரி பின்னால நிக்கணும், ஆனா ஒரு இடத்துல நிக்கவே முடியல, பின்தங்குவேன், த்ராட்டில் குடுத்து பவரைக் கூட்டுவேன், முன்னாடி பாய்வேன், த்ராட்டிலை இழுத்துக் குறைப்பேன், மறுபடி பின்னால போயிடுவேன்.

காரணம், பவர் மாத்துனா வேகம் உடனே மாறாது. 360 குதிரைத்திறன் ரேடியல் இஞ்சின், ஒன்பது சிலிண்டர், ப்ராப் ஆர்பிஎம்மை (ப்ரொப்பெல்லர் சுத்துற வேகத்தை) செட் பண்ணிட்டு த்ராட்டிலை மட்டும் தொடணும். இன்ஸ்ட்ரக்டர் சொல்லிக் குடுத்தது மூணு அசைவு: கொஞ்சம் கூட்டு, விமானம் நகர ஆரம்பிச்சதுமே குறை, நின்னதும் நடுவுல வை. அவ்ளோதான், அருமையா வேலை செஞ்சுது!

அப்புறம் விமானத்தைத் திருப்புற ஸ்டிக்கை விரல் நுனில பிடிக்கணும், கை இறுகுதுன்னு தெரிஞ்சா ஷூக்குள்ள கால் விரலை ஆட்டுங்க, உடம்பே தளர்ந்துடும், நம்புங்க.

லீடர் நம்மளை விட்டு அந்தப் பக்கம் திரும்பினா நாம வெளிவட்டம், தூரம் அதிகம், மேலயும் ஏறணும், அதனால முன்கூட்டியே பவர் குடுக்கணும். நம்ம பக்கம் திரும்பினா குறைக்கணும்.

லீடரோட சேரப் போகும்போது வேகம் அதிகமா இருந்தா மட்டும் விமானத்தோட வயித்தை லீடருக்கு காட்டி திருப்பிடாதீங்க, லீடர் நம்ம கண்ணுல இருந்து மறைஞ்சிடுவார். இறக்கையை சமமா வச்சு, அவருக்கு கீழ, வால் பின்னாடியா வெளிப்பக்கம் போயிடணும். அப்படியும் மறைஞ்சிட்டா தேடிக்கிட்டு இருக்காம விலகிட்டு ரேடியோல சொல்லிடுங்க.